போக்கேயாவுக்குத் திரும்பியவர்கள்

நான் புலம்பெயர்ந்து வந்த, பிரெஞ்சு பேசும் ஊரான சென்ட் லோரன்ட்டில் மருந்து பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. ஐம்பத்தைந்து வயதில் பிரெஞ்சு படிக்கப் போனது ஆசையால் அல்ல. மேற்பார்வையாளர் வேலைக்கு அது வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை வகுப்பில் ஆசிரியை ஆளுக்கொரு பழைய நகரத்தைக் கொடுத்து, அதன் வரலாற்றை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார். எனக்கு விழுந்தது போக்கேயா. இன்றைய துருக்கிக் கரையில் இருந்த கிரேக்கத் துறைமுகம்.

"கடவுளே, எங்கட ஊர் வரலாறே எனக்கு ஒழுங்காத் தெரியாது," என்றேன் கணவரிடம்.

"முதல்ல வாசிச்சுப் பாருமன்," என்றார்.

வாசித்தேன். பாரசீகப் படை மதிலைச் சூழ்ந்ததும், சரணடைவதா என்று யோசிக்க ஊரார் ஒரு நாள் தவணை கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரு நாளில் பெண்டு பிள்ளைகள், தட்டுமுட்டுச் சாமான், கோயில் சிலைகள் எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். படை உள்ளே வந்தபோது வெறும் நகரம். பிறகு ஒரு இரும்புக் கட்டியைக் கடலில் போட்டு, இது மிதக்கும்வரை திரும்பமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். எனக்குப் புல்லரித்தது. அடுத்த வரியில் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பாதிக்கு மேற்பட்டோர் ஊர் ஆசை தாங்காமல் சத்தியத்தை மீறித் திரும்பிவிட்டார்களாம்!

கோபத்துக்குக் காரணம் என் அண்ணை. போருக்குள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று, இனி இந்த மண்ணை மிதிப்பதில்லை என்று அவர் சத்தியம் செய்தார். அவரைப் பார்த்து நானும் செய்தேன். இன்றுவரை மிதிக்கவில்லை. அவரோ இங்கே வருடக்கணக்காக உழைத்து, பென்ஷன் வந்த கையோடு யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார். "மானம் ரோசம் இல்லாத மனுசன்" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். வழியனுப்பவும் போகவில்லை. மூன்று வருடமாகப் பேச்சில்லை.

ஆகவே என் பேச்சிலிருந்து திரும்பிப் போனவர்களை வெட்டி எறிந்தேன். மற்றவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன்: கோர்சிகாத் தீவு, கடற்போர், பிறகு தென் இத்தாலியில் புது ஊர். வகுப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். ஆசிரியை மட்டும், "அப்படியானால் போக்கேயாவில் பிறகு யார் வாழ்ந்தார்கள்? அந்த நகரம் அழியவில்லையே," என்று கேட்டார்.

சமாளித்துப் பொய் சொல்ல எனக்குப் பிரெஞ்சு காணாது. திரும்பிப் போனவர்கள், என்றேன். அவர்கள் போயிருக்காவிட்டால் ஊர் அன்றோடு முடிந்திருக்கும் என்று என் வாயாலேயே சொன்னேன்.

ஞாயிறு காலை அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். ஏதோ பெரிய மனசுக்காரி மாதிரி, "அண்ணை, நான் உங்களை மன்னிச்சிட்டன்," என்று தொடங்கினேன்.

"மன்னிக்கிறதுக்கு நான் என்ன பிழை விட்டனான்?"

"சத்தியம் பண்ணினனீங்களெல்லோ?"

"விசரி," என்றார். "அண்டைக்கு ஷெல் விழுந்துகொண்டிருக்குது. எல்லாரும் ட்ரக்டரில ஏறிட்டினம். நீ மட்டும் கதவு நிலையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு வரமாட்டன் எண்டு நிண்டனீ. 'நான் இனி இந்த மண்ணை மிதிக்கமாட்டன், நீ இருந்தால் தனியத்தான் இருக்கோணும்' எண்டு சத்தியம் பண்ணினன். பேந்துதான் கையை விட்டனீ. உன்னை வெளிக்கிடுத்தத்தான் அப்பிடிச் சொன்னனான்."

அவருடைய சத்தியத்தை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. போகமாட்டேன் என்று நின்றது நான்தான் என்பதை மறந்துவிட்டேன். ஃபோனைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். அவர் வைக்கவில்லை.