தோள் சரிந்த பாட்டில்

எங்கள் அடுக்களையில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிற பச்சைப் பாட்டிலுக்குக் கழுத்து எங்கே முடிகிறது, வயிறு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. மற்ற பாட்டில்கள் சிப்பாய் மாதிரி தோளை நிமிர்த்தி நிற்கும். இதற்குத் தோள் சரிந்திருக்கும். என் மகள் இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்று இரண்டு வருஷமாகச் சொல்கிறாள். நான் கேட்காத மாதிரி இருந்துவிடுகிறேன். மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசியாக இருந்த ஒருவன் ஊர் பார்க்க ஏலத்தில் எடுத்த பர்கண்டி என்கிற சிவப்புப் பிரெஞ்சு ஒயின் பாட்டில் இது.

முதல் யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு, பாளையங்கோட்டையில் நான் பள்ளிக்கூட வாத்தியார், மதுவிலக்குச் சங்கத்தின் காரியதரிசியும் நான்தான். இரண்டாம் பிரசவத்துக்குப் பிறகு என் மனைவி படுத்த படுக்கையாகிவிட்டாள். கண்ணிமையை விலக்கிப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. ஆஸ்பத்திரி டாக்டரம்மா, தினமும் ஒரு சிறு கோப்பை சிவப்பு பர்கண்டி கொடுக்க வேண்டும், வேறு சரக்கு கூடாது, விட்டுவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார். மருந்துக்கு விலக்கு உண்டு என்று எங்கள் சங்க விதியிலேயே இருந்தது. பாதிச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கி, துண்டில் சுற்றிக் கொண்டுவந்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடெல்லாம் சுக்கு வாசனை. துணைக்கு வந்திருந்த என் மனைவியின் அக்கா, மருந்து என்றுதானே சொன்னார்கள் என்று பாட்டில் முழுவதையும் மண்சட்டியில் ஊற்றி, சுக்கும் திப்பிலியும் தட்டிப் போட்டு, எட்டில் ஒன்றாகக் காய்ச்சி வைத்திருந்தாள். என் அரை மாத உழைப்பு ஒரு பாலாடை அளவுக்குக் குறுகிக் கிடந்தது.

பட்லர் அண்ணாச்சியிடம் போனது அப்போதுதான். வேதக் கோயிலில் ஞாயிறு ஆராதனையில் எனக்குப் பின்வரிசையில் உட்காருகிறவர். இருபது வருஷமாக ஜட்ஜ் பங்களாவில் பட்லர். துரைமார் மாறுவார்கள், அவர் மாறவில்லை. வேறு பங்களாக்களில் விருந்து என்றாலும் அவரைத்தான் இரவல் கேட்பார்கள். சங்கப் புத்தகத்தில் என் பெயருக்கு மேல்வரியில் அவர் பெயர். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை. கஷாயக் கதையைக் கேட்டதும் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார். இன்னொரு பாட்டில் வாங்கக் கையில் காசில்லை என்றேன்.

"விலை கூடினதுதான் நல்லதுன்னு எவன் சொன்னான்வே?" என்றார். குடிக்காத நீங்கள் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். "விருந்து முடிஞ்சு கோப்பை கழுவுததுக்கு முந்தி ஒவ்வொண்ணா பாப்பேன். பொன்னெழுத்துப் பாட்டிலை வாயாரப் புகழுவாவ, கோப்பையில பாதி அப்படியே கிடக்கும். பேரு தெரியாத பாட்டில் ஒண்ணு வரும், ஒரு பயலும் பேசமாட்டான், கோப்பை துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். அதான் சரக்கு. துரைமாரு வாயி பொய் சொல்லும். கோப்பை சொல்லாது." தோள் சரிந்தது பர்கண்டி, தோள் நிமிர்ந்தது வேறு ஊர்ச் சரக்கு என்பதையும் அன்றைக்கு அவர் வாயால்தான் கேட்டேன். எனக்கு அதிசயமாக இருந்தது. நாக்கை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு மனுஷன் இத்தனை ருசி அறிந்து வைத்திருக்கிறானே!

துரைகள் மாற்றலாகிப் போகும்போது பங்களா வாசலிலேயே சாமான்களை ஏலம் போடுவது அந்தக் காலத்து வழக்கம். அந்த மாதம் எஞ்சினியர் துரை போகிறார், அவர் வீட்டில் தோள் சரிந்த பாட்டில் ஆறு இருக்கிறது, லேபிள் பூஞ்சை பிடித்திருப்பதால் யாரும் ஏற்றிக் கேட்கமாட்டார்கள் என்றார் அண்ணாச்சி. "நான் தோள்ல துண்டை மாத்திப் போடுவேன். கையைத் தூக்கிரும்." கட்டில் போனது, குதிரைவண்டி போனது, பாட்டில்கள் வந்தன. வக்கீல்கள் பொன்னெழுத்துக்குப் போட்டி போட்டார்கள். கடைசியில் அந்தப் பூஞ்சைப் பாட்டில்கள். கூட்டத்தில் என் மாணவர்களின் தகப்பன்மார் பத்துப் பேராவது நின்றார்கள். துண்டு இடத்தோளிலிருந்து வலத்தோளுக்கு மாறியது. என் கை எழும்ப மறுத்தது. வெளுத்துக் கிடந்த அந்தக் கண்ணிமையை நினைத்துக்கொண்டேன். கை மேலே போய்விட்டது. "நம்ம காரியதரிசியா!" என்று ஒருவர் கேட்டதும் எழுந்த சிரிப்பு வீடு வரைக்கும் கூட வந்தது.

விளிம்பு உடைந்த கண்ணாடிக் கோப்பை ஒன்றையும் அண்ணாச்சியே கொண்டுவந்து கொடுத்தார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். வாரம் ஒருமுறை வருவார். நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பு கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். "மிச்சமே இல்ல. பிழைச்சுக்கிடுவாவே!" என்பார். பிழைத்துக்கொண்டாள். ஐந்து பாட்டில் முடிந்ததும் போதும் என்றுவிட்டாள். ஆறாவதைத் தக்கை காயாமல் படுக்கப் போட்டுத்தான் வைக்க வேண்டும் என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவளோ, "இந்த வீட்டுல நான் படுத்துக் கிடந்தது போதும், அதுவாவது நிக்கட்டும்" என்று அலமாரியில் நிமிர்த்தி வைத்தாள்.

சில வருஷம் கழித்து அண்ணாச்சியே படுக்கையில் விழுந்தார். ஆறாவது பாட்டிலையும் அந்த உடைந்த கோப்பையையும் எடுத்துக்கொண்டு போனேன். "மருந்துன்னா சரி" என்று பைய எழுந்து உட்கார்ந்தார். ஊற்றிக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தி, என்னைப் பார்த்தார். பிறகு ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை. "நல்ல சரக்கு வே" என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வந்து, மீதியில் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எனக்கு நோய் ஒன்றும் இல்லை, சங்க விதியை மீறித்தான் குடித்தேன். நாக்கு சுருண்டுவிட்டது. தக்கை காய்ந்து, நெல்லை வெயிலில் சுத்தமான காடியாகியிருந்தது. மூக்கால் சரக்கை எடைபோடுகிற மனுஷனுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? எனக்காகக் குடித்திருக்கிறார். துக்கம் அப்போதுதான் பொங்கி வந்தது. மீதியைக் கொட்டிவிட்டு, புளித்துப் போய்விட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பாட்டிலை வாங்கிக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அந்தச் சரக்கு முதல் நாளே அப்படித்தானே இருந்துச்சு."

"அப்புறம் எப்படி மிச்சம் வைக்காமக் குடிச்ச?"

"நீங்க ஊரு முன்னால கையத் தூக்கி வாங்கினதுல்லா. எப்படி மிச்சம் வைக்க?"

அது நல்ல பர்கண்டிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மருந்தாகக் குடித்த இருவரும் மிச்சம் வைக்கவில்லை. இருவரும் இப்போது இல்லை. மகள் இன்று காலையிலும் பாட்டிலைப் பற்றி ஆரம்பித்தாள். எண்ணெய் தீரட்டும் என்று சொல்லிவிட்டு, அவள் குளிக்கப் போன நேரத்தில் கழுத்து வரை ஊற்றி வைத்தேன்.