கொடி ஏற்றாதவர்

எங்கள் ஊரில் வீரர் என்றால் பனிச்சறுக்கில் பதக்கம் வாங்கியவர்கள்தான். மதுக்கடைச் சுவர் முழுக்க அவர்கள் படம் தொங்குகிறது. வீப்ரென் படம் அங்கே கிடையாது. அவர் பால் லாரி ஓட்டுகிறவர், சறுக்குவதும் சுமார்தான். ஆனால் எங்கள் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் குளிர் இறுகிவிட்டால் மேயர் பேச்சைவிட அவர் பேச்சுக்குத்தான் மதிப்பு. கால்வாய் உறைந்ததும் துளை போட்டுப் பனியின் கனத்தை அளப்பது அவர் பொறுப்பு. சறுக்குச் சங்கத்தின் கொட்டகை மேல் அவர் கொடி ஏற்றினால்தான் ஊர் பனியில் இறங்கும். கொடியில்லாமல் இறங்குவது குடும்பத்துக்கே தலைகுனிவு.

இப்போதெல்லாம் கால்வாய் உறைவதே அபூர்வம். பல வருடம் ஏங்கவைத்துவிட்டு, போன பிப்ரவரியில்தான் உறைந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். சங்கத்துக்குப் பட்டாணி சூப் வைப்பவள் நான். அண்டாவைக் கொதிக்கவிட்டுக் காத்திருந்தேன். வீப்ரென் வந்து, பாலத்தடியில் பனி மெலிசாக இருக்கிறது, கொடி கிடையாது என்றார். மறுநாளும் அதே பதில். பக்கத்து ஊரிலோ கொடி ஏறிவிட்டது. அங்கே சறுக்குகிறவர்களின் படங்கள் எங்கள் கைப்பேசிகளில் வந்து குவிந்தன. வீப்ரெனுக்குக் குளிப்பதற்குக்கூடப் பயம் என்று ரொட்டிக்கடைக்காரர் கிண்டலடித்தார். லாரிக் கண்ணாடியில் யாரோ ‘கோழை’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் சூப்பை அவன் தலையில் கொட்டியிருப்பேன்.

அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். ஹில்கே வந்து நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. இருவரும் சின்ன வயதிலிருந்தே உயிர்ச் சிநேகிதர்கள். ஹில்கேவுக்கு நுரையீரலில் புற்றுநோய். கோடையைப் பார்க்கமாட்டார் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். சறுக்குக் காலணிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மனைவி நீன்கேயின் தோளைப் பிடித்தபடி கொட்டகைக்கு வந்தார். கரை நெடுகப் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்த வளைவு வரைக்கும்தாண்டா. விழுந்தா விழுந்துட்டுப் போறேன், எனக்கு இனிமே என்ன இருக்கு?” என்றார் ஹில்கே.

வீப்ரென் அவரைப் பார்க்கவே இல்லை. “நீ இறங்கினா உன் பின்னாடியே இந்தப் பிள்ளைங்களும் இறங்கும்டா. முடியாது.”

ஹில்கே திரும்பி நடந்தார். நீன்கே மட்டும் வீப்ரெனை முறைத்துவிட்டுப் போனாள். அவர்கள் தலை மறைந்ததும் அந்த மனுஷன் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதார். நான் பார்த்தேன்.

அந்த வாரக் கடைசியிலேயே மழை பெய்து பனி கரைந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒருவருக்கும் காலுறைகூட நனையவில்லை. அங்கே யாராவது மூழ்கியிருந்தால் எங்கள் ஆட்கள் வீப்ரென் படத்தையும் சுவரில் மாட்டியிருப்பார்கள். யாரும் மூழ்காததால் அவர் கோழையாகவே மிஞ்சினார். வசந்தத்தில் ஹில்கே போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று வீப்ரென் தேவாலயத்தின் கடைசி வரிசையில் தனியாக நின்றார்.

இலையுதிர்காலத்தில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். பனியை அளக்க வேறு ஆள் போடலாம் என்று எழுந்தார் ரொட்டிக்கடைக்காரர். ஆள் வேறு யாருமில்லை, அவருடைய மைத்துனன்தான். வீப்ரென் வாதாடவில்லை. கொட்டகைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது நீன்கே எழுந்தாள். இன்றைக்கு அவர் தொலைந்தார் என்று எல்லாரும் நினைத்தோம்.

“நான் இவர மன்னிக்கல. மன்னிக்கப் போறதும் இல்ல,” என்றாள். “என் வீட்டுக்காரர் கடைசியா ஆசப்பட்டது அது ஒண்ணுதான். ஆனா சாகப்போற சிநேகிதனுக்கே முடியாதுன்னு சொன்ன மனுஷன், நாளைக்கு என் பேரப்பிள்ளைங்க வந்து கெஞ்சினாலும் முடியாதுன்னுதான் சொல்லுவாரு. இவரே இருக்கட்டும்.”

ரொட்டிக்கடைக்காரர் உட்கார்ந்தார். வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்தது நீன்கேயின் கை. பிறகு ஒவ்வொன்றாக எல்லார் கைகளும் உயர்ந்தன. எண்ணி முடிக்கும் வரை அவள் நிற்கவில்லை. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, வீப்ரென் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பாமலேயே வெளியே போனாள்.