விண்ணப்பத்தின் பதினான்காம் கேள்வி

பெருங்களத்தூர் ஸ்டேஷனிலிருந்து பீர்க்கன்காரணைப் பக்கம் திரும்பும் தெருவில் ஜஹீராவின் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை, லேமினேஷன் என்று போர்டில் எழுதியிருந்தாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வருமானச் சான்று, பட்டா, பாஸ்போர்ட், எது வேண்டுமானாலும் "ஜஹீராக்கா கிட்ட போ" என்றுதான் கை காட்டுவார்கள்.

அவள் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். பி.காம். சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள், கல்யாணம் முந்திக்கொண்டது. அந்த ஒன்றை நிரப்பாமல் விட்ட கோபத்தில்தான் ஊரில் இருக்கிற எல்லா விண்ணப்பத்தையும் நிரப்பித் தள்ளுகிறாள் என்று கணவர் பாட்சா கேலி செய்வார். அவர் மேடவாக்கம் அடுக்குமாடிகளில் ஏசி பழுது பார்ப்பவர். கேலி செய்வதற்கு அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் கிடைக்கும்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டாள் ஜஹீரா. எதற்கெல்லாம் தகுதி இருக்கிறதோ அதற்கெல்லாம் போட்டு வைக்கச் சொல்வாள். அரசு உதவித்தொகைகளின் கடைசித் தேதிகள் ரேஷன் கடை திறக்கும் நாட்களைவிட அவளுக்கு நன்றாக மனப்பாடம். கல்வியாண்டு தொடங்கியதும், தன் மகள் சாஹிராவுக்கும் அரசு உதவித்தொகைக்குப் போட்டுவிட்டாள். கிடைத்தால் ஐம்பதாயிரம்.

அடுத்த மாதம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு வந்தது. அதன் பேருந்துகள் காலையும் மாலையும் தெருவை அடைத்துக்கொள்கின்றன என்று ஊர்க்காரர்கள் போன வருடம் மறியல் செய்திருந்தார்கள். அதற்குப் பிறகு நிர்வாகம் ஊரைச் சமாதானப்படுத்தக் கொண்டுவந்த திட்டம் இது. சுற்று வட்டாரத்தில் ரேஷன் அட்டை வைத்திருக்கும் முதலாண்டு மாணவர்களுக்கு, மற்ற உதவிகள் போக மீதி இருக்கும் படிப்புக் கட்டணம் முழுவதையும் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ளும்.

சாஹிராவுக்கு அங்கேதான் கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைத்திருந்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் முதல் ஆள். ஜஹீரா விண்ணப்பத்தைத் திறந்தாள். பதினான்காம் கேள்வி: "வேறு கல்வி உதவிக்கு விண்ணப்பித்துள்ளீர்களா? தொகை எவ்வளவு?" ஆம் என்று எழுதினாள். ஐம்பதாயிரம் என்று எழுதினாள்.

கடைசி நாள் மாலை, பூக்கடை கிளியம்மாள் மகன் முகிலனை இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வருமானச் சான்று இல்லாததால் அவன் அரசு உதவித்தொகைக்குப் போடவே இல்லை. பதினான்காம் கேள்விக்கு ஜஹீரா "இல்லை" என்று தட்டினாள். ஐந்து நிமிட வேலை.

மூன்று வாரம் கழித்துக் கிளியம்மாள் மைசூர்பாகு டப்பாவுடன் வந்தாள்.

"இன்னா ஜஹீரா, உன் கையில இன்னாதான் கீது? என் புள்ளைக்கு மொத்தத்தையும் அவனுங்களே கட்டிக்கிறானுங்களாம்! நயா பைசா கெடையாது!"

"மாஷா அல்லா. முகில் நல்லா படிக்கட்டும்க்கா."

"உன் பொண்ணுக்கு இன்னா ஆச்சு?"

சாஹிராவுக்கு வந்த கடிதம் கம்ப்யூட்டர் திரையில் திறந்தே இருந்தது. பெறும் உதவி ஐம்பதாயிரம் போக மீதியைப் பல்கலைக்கழகம் ஏற்கும். அந்த ஐம்பதாயிரத்தை வெள்ளிக்கிழமைக்குள் செலுத்தாவிட்டால் இடம் ரத்து. விண்ணப்பித்த பணத்தைக் கைக்கு வந்த பணமாகவே கணக்கில் எடுத்திருந்தார்கள். அரசுப் பணம் வந்தால் பிப்ரவரியில் வரும். வராமலும் போகும். அன்று திங்கட்கிழமை.

"ஆயிருச்சுக்கா," என்று சொல்லிவிட்டு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டாள் ஜஹீரா.

வீட்டில் பாட்சா கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஒன்னுமே செய்யாதவனுக்கு முழுசும் கிடைச்சிருக்கு. ஊர்ல இருக்கற எல்லாத்துக்கும் போட்ட நமக்கு ஆப்பு."

"உண்மையைத்தானே எழுதினேன்?"

"யாரு உன்னை எழுதச் சொன்னது? தெரியாதுன்னு விட்டிருக்கலாம்ல?"

"பின்னாடி கண்டுபிடிச்சா மொத்தமும் போயிருக்கும். அப்ப யாரைக் கேப்பீங்க?"

சாஹிரா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, வேற காலேஜ்ல பி.எஸ்ஸி. இடம் இருக்காம். நான் அதுலயே..."

"வாயை மூடு," என்றாள் ஜஹீரா. அந்த வார்த்தை மகளுக்கானது இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். உதவித்தொகைப் பிரிவில் டோக்கன் நாற்பத்தேழு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லக்ஷ்மிநாராயணன் என்ற அதிகாரி.

"ஃபார்ம்ல ஐம்பதாயிரம்னு நீங்கதானே மேடம் ஃபில் பண்ணியிருக்கீங்க?"

"அப்ளை பண்ணியிருக்கேன்னு போட்டேன் சார். வாங்கிட்டேன்னு போடல."

"சிஸ்டத்துல ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான்."

"அப்ப அந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கறேன். நீங்க முழுசாக் கட்டுங்க."

"ஸ்டூடன்டுக்கு வர்ற கவர்ன்மென்ட் பெனிஃபிட்டை நாங்க வாபஸ் வாங்க விடமாட்டோம் மேடம். அது எங்க பாலிசி." அவர் நிஜமான அக்கறையோடுதான் சொன்னார். ஜஹீராவுக்கு அதுதான் ஆத்திரமாக இருந்தது. "வேணும்னா, பணம் கிடைக்காதுன்னு கவர்ன்மென்ட் டிபார்ட்மென்ட்ல ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க."

புதன்கிழமை செங்கல்பட்டுக்கு ரயில் ஏறினாள். ஊரப்பாக்கம் வருவதற்குள்ளாகவே அவளிடம் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டிருந்த இரண்டு பேர் போனில் கூப்பிட்டார்கள், தங்களுடையது என்ன ஆயிற்று என்று. பார்க்கிறேன் என்றாள். இதே பதிலை ஊருக்கெல்லாம் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் தோன்றியது.

அங்கே உதவித்தொகை தரும் துறையின் மாவட்ட அலுவலகத்தில் பொன்னியம்மாள் என்ற எழுத்தர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மறுக்காத மனுவுக்கு மறுப்புக் கடிதம் எப்படிம்மா தர்றது? முதல்ல உங்க மனு எங்க கிட்ட வரவே இல்லையே."

"நிலுவையில் இருக்குன்னு காட்டுதே மேடம்."

"எங்க நிலுவைன்னு பாத்தீங்களா?" பொன்னியம்மாள் திரையைத் திருப்பினார். "காலேஜ் சரிபார்த்து அனுப்பணும். அவங்க லாகின்லயே தூங்குது."

ஜஹீரா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆயிரக்கணக்கில் மனு போட்டவள். நிலுவை என்ற சொல்லைப் பார்த்ததும் சர்க்கார்தானே, மெதுவாகத்தான் நகரும் என்று தானாகவே முடிவு கட்டிவிட்டாள். அந்த வரியை அழுத்தினால் இன்னொரு வரி விரியும் என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து வாங்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மகளையும் அழைத்துக்கொண்டு மறுபடி கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

"சார், இந்தப் பணம் வராததுக்குக் காரணம் உங்க கம்ப்யூட்டர். நீங்களே அனுப்பாம வச்சுக்கிட்டு, அதே பணத்தை எங்களையே கட்டச் சொல்றீங்க."

லக்ஷ்மிநாராயணன் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். "இது வெரிஃபிகேஷன் செக்‌ஷன் மேடம். செகண்ட் ஃப்ளோர், சத்தியநாதன் சார்."

"மாடி எதுவா இருந்தாலும் கட்டடம் ஒன்னுதானே?"

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "சரியாக் கேட்டம்மா," என்றார். லக்ஷ்மிநாராயணன் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு, ஒரு உறுதிமொழிப் படிவத்தோடு வந்தார். இடத்தைப் பிப்ரவரி வரைக்கும் வைத்திருப்பார்கள். அரசுப் பணம் வந்ததும் கட்டிவிட வேண்டும். வராவிட்டால் பதினைந்து நாளுக்குள் பெற்றோர் கட்ட வேண்டும்.

"வராட்டி அதுவும் மீதிதானே சார்? மீதியை நீங்க கட்டுறதாத்தானே திட்டம்?"

"அதை மாத்த எனக்குப் பவர் இல்ல மேடம். இதுவே உங்களுக்காக ஸ்பெஷலா கேட்டு வாங்கினது."

ஜஹீரா படிவத்தின் ஆறு நிபந்தனைகளையும் வரி விடாமல் படித்தாள். அவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். சாஹிரா மெதுவாக, "கையெழுத்துப் போடும்மா," என்றாள். போட்டாள். நகல் கேட்டாள். தரும் வழக்கமில்லை என்றார்கள். போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டாள்.

"இங்க ஃபோட்டோ எடுக்கக் கூடாது மேடம்."

"எடுத்துட்டேன் சார்."

சாஹிராவை அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வரிசையில் விட்டுவிட்டு இரண்டாம் மாடிக்கு ஏறினாள். சத்தியநாதன் மீட்டிங்கில் இருந்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

"திங்கட்கிழமையும் வரேன். இன்னைக்கும் இருக்கேன்," என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான்கரை மணிக்கு அவர் வந்தார். நல்ல மனிதர். காகிதத்தைப் பார்த்ததும், "அய்யய்யோ, இதுவா?" என்று உடனே லாகின் செய்தார். சரிபார்க்க வேண்டியவை முந்நூற்றுப் பன்னிரண்டு என்றது திரை. சாஹிராவின் பெயரைத் தேடி, சான்றிதழ்களைத் திறந்து, ஒப்புதலை அழுத்தினார். ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை. முந்நூற்றுப் பதினொன்று.

"முடிஞ்சுது மேடம். இதை முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமே?"

ஜஹீரா பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பல பெயர்கள் அவள் விரல் தட்டிய பெயர்கள். புதன்கிழமை ரயிலில் கூப்பிட்ட இரண்டு பேரும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தார்கள்.

"மத்ததெல்லாம் எப்ப சார்?"

"ஸ்டாஃப் இல்ல மேடம். மெதுவாத்தான் ஆகும். உங்களோடது ஆயிடுச்சு இல்ல, கிளம்புங்க."

"அந்த ரெண்டை மட்டுமாவது போட்டுடுங்க. பேர் சொல்றேன்."

"மேடம், ஒவ்வொருத்தருக்கும் இப்படி உக்காந்தா நான் வீட்டுக்குப் போக வேணாமா?"

கீழே பேருந்துகள் வரிசையாகக் கிளம்பும் ஹாரன் சத்தம் கேட்டது. சாஹிரா புது அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று, போகலாமா என்று கண்ணால் கேட்டாள். ஜஹீரா நாற்காலியை மேசைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பெயரைச் சொன்னாள்.