அத்தை மகன் எப்படி ரத்த சொந்தம் ஆவான்?

செம்பூரில் பிள்ளை வரம் கேட்டுப் போன ஆஸ்பத்திரியில் நிரப்பச் சொல்லி ஒரு பாரம் கொடுத்தார்கள். எந்த இனம் என்று கேட்டிருந்தது. 'தமிழ்' என்று எழுதினேன். கணவனும் மனைவியும் ரத்த சொந்தமா என்று கேட்டிருந்தது. 'இல்லை' என்று எழுதினேன்.

சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர், என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா மகன். தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தோம். எங்கள் திருநெல்வேலிக் கணக்கில் ரத்த சொந்தம் என்றால் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். அவர்கள் அண்ணன் தம்பி, கட்ட முடியாது. அத்தை மகன் முறைப்பையன், கட்டிக்கொள்ளவே பிறந்தவன்! சந்தேகத்துக்கு அம்மாவுக்கும் போன் போட்டேன். "அத்தை மவன் எப்படிட்டி ரத்த சொந்தம் ஆவான்? வேலையத்துப் போய்க் கேக்கா பாரு" என்று வைத்துவிட்டாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டு தடவை வெளியே கரு உண்டாக்கி உள்ளே வைத்துப் பார்த்தாயிற்று, தங்கவில்லை. இது மூன்றாவது. இதோடு போதும் என்று அத்தானும் நானும் முடிவு பண்ணியிருந்தோம். டாக்டரம்மா வேறு, "வெள்ளைக்காரப் பெண்களைவிட நமக்குக் கருமுட்டை சீக்கிரம் குறையுதுன்னு சொல்றாங்க. ஆனா நிறைய அளந்து பார்த்தது அவங்களைத்தான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வயிற்றை அளக்க வெள்ளைக்காரி வயிறா படி?

அடுத்து, மரபணு விஷயம் பேசுகிற மராட்டிப் பெண் பாரத்தைப் பார்த்தாள். "தமிழா? சொந்தமும் இல்லை. அப்போ தலசீமியா டெஸ்ட் இப்போ அவசரமில்லை. சிந்திக்காரங்களுக்கு இது அதிகம், அவங்கன்னா முதல்லயே எடுத்துருவோம்" என்றாள். பிள்ளைக்கு ஆயுசுக்கும் ரத்தம் ஏற்ற வேண்டிய நோயாம். நல்லவேளை தமிழச்சியாகப் பிறந்தோம் என்று நான் பெருமைப்பட்டது ஒரு நிமிஷம்கூட இருக்காது. இட்லி டப்பாவோடு அத்தை உள்ளே வந்தாள்.

"மாமியாரா? மருமகளை இவ்வளவு நல்லாப் பார்த்துக்கிறீங்களே" என்றாள் அந்தப் பெண் ஹிந்தியில்.

அத்தைக்கு வாய் சும்மா இருக்குமா? "மேரா பாய்கா லட்கி ஹை நா! என் தம்பி மவல்லா! பிறந்த அன்னைக்கு நான்தான மொதல்ல தூக்கினேன்!"

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்துக் குடும்ப மரம் வரைந்தாள். கோடு போகிற இடமெல்லாம் திரும்ப எங்கள் தாத்தாவிடமே வந்து நின்றது.

டெஸ்ட் எடுத்தார்கள். எனக்கும் அத்தானுக்கும் ஒரே குறை. எங்களுக்கு ஒன்றும் செய்யாது, இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வந்தால் பிள்ளைக்கு நோய். கருவைச் சோதித்துத்தான் வைக்க வேண்டும் என்றார்கள்.

அன்று வீட்டில் அத்தை, விஷயம் கேட்டு வந்திருந்த என் அம்மாவைப் பார்த்து, "எல்லாம் ஒங்க வீட்டு ரத்தம்" என்று ஆரம்பித்தாள். முப்பது வருஷம் நாத்தனாரிடம் பேச்சு வாங்கிய அம்மா நிதானமாகச் சொன்னாள்: "எங்க வீடா? நான் வெளிய இருந்து வந்தவ மதினி. அது ஒங்க அப்பா வீடுல்லா!"

அத்தை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்க அப்பன் எனக்குன்னு ஒரு குந்துமணித் தங்கம் போடல. இத மட்டும் மறக்காமக் குடுத்து விட்டிருக்கான்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவள் முகத்தைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது.

ஐந்து கரு உண்டானது. வைக்கலாம் என்று தேறியது ஒன்றே ஒன்று, அதுவும் எங்களைப் போலவே அந்தக் குறையைச் சுமந்துகொண்டு. நோய் வராது, வைக்கலாம் என்றார்கள். வைத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இரண்டு வாரமும் நான் தும்மக்கூடப் பயந்தேன். அத்தை என்னோடு சண்டை போடவே இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

தங்கியது. இப்போது மகளுக்கு இரண்டு வயது. போன வாரம் எங்கள் தாராவி லேபர் கேம்ப்பில் ஒரு கல்யாணம். ஒருத்தி பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு, "அம்மா ஜாடையா, அப்பா ஜாடையா?" என்று கேட்டாள்.

அத்தை பேத்தியை வெடுக்கென்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்க அப்பா ஜாடை" என்றாள். "அவருதான் எனக்குக் குடுத்து விட்டாரு."