ஆப்பிள் என்றால் படிக்கட்டு

கோவிந்தராஜுலுவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. சென்னிமலை பெட்ஷீட்டுகளைக் கோயமுத்தூரிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். தபாலில் வரும் கவரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் இஸ்மத் ஆறு வருஷம் டைப்பிஸ்டாகக் காலந்தள்ளியதே பெரிய விஷயம். என்ன செய்வாள், பாவம்! உக்கடத்தில் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்தச் சம்பளத்தில்தான்.

தொண்ணூற்றைந்தில் லண்டனிலிருந்து இரண்டு பேர் சரக்குப் பார்க்க வந்தார்கள். மாடிக் குடோனுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டதும் பெரியவர் அண்ணாந்து பார்த்தார். சின்னவரிடம் ஆப்பிள் அது இது என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏனம்மணி, என்ன பேசிக்கறாங்க?" என்றார் கோவிந்தராஜுலு.

இஸ்மத்துக்கும் விளங்கவில்லை. கூச்சப்படாமல் சின்னவரிடமே கேட்டாள். அவர் சிரித்தார். லண்டன் தெருச் சந்தைக்காரர்கள் வெளியாளுக்குப் புரியக்கூடாதென்று பேசிய பேச்சாம் அது. ஸ்டேர்ஸ் என்பதற்கு ஓசை ஒத்துவர 'ஆப்பிள்ஸ் அண்ட் பேர்ஸ்' என்பார்களாம். பிறகு பேர்ஸை விழுங்கிவிட்டு ஆப்பிள்ஸை மட்டும் சொல்வார்களாம்.

அவர்கள் சாப்பிடக் கிளம்பியதும் முதலாளியிடம் சொன்னாள். "பெரியவருக்கு முழங்கால் வலிங்க. படியேற முடியாதுன்னாருங்களாம்."

"ஆப்பிள்னா படிக்கட்டா? யாருக்குக் காது குத்தற? சரக்குல ஏதோ நொட்டை சொல்லிப்போட்டாங்க. நீயும் சேர்ந்துட்டு மறைக்கற."

சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற மச்சான் நரசிம்மலுவின் பக்கம் திரும்பித் தெலுங்கில் பேசினார். ஆள் முன்னால் ரகசியம் பேச வேண்டுமென்றால் இருவரும் வீட்டுத் தெலுங்குக்குத் தாவிவிடுவது வழக்கம். ஊருக்கே திரை போட்டுப் பேசுகிற மனிதருக்கு, அடுத்தவன் வாயசைத்தாலே சந்தேகம் வராதா?

"லண்டன்காரன் இவளை வளைத்துப்போட்டுவிட்டான். நாளையிலிருந்து வரவேண்டாமென்று சொல்லிவிடு" என்றார்.

இஸ்மத் டைப்ரைட்டருக்கு உறையைப் போட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நாளை வரை எதற்கு? இப்போதே போகிறேன்" என்றாள், அவர்களுடைய தெலுங்கிலேயே.

ஆறு வருஷமாக அவள் முன்னால் என்னென்ன பேசித் தொலைத்தோமோ என்று யோசிப்பது இரண்டு பேர் முகத்திலும் தெரிந்தது. அவள் வாசலைத் தாண்டுவதற்குள் கோவிந்தராஜுலு பின்னாலேயே ஓடிவந்தார்.

"அம்மணி, நாங்க பேசினதையெல்லாம் வெளிய சொல்லிப்போடாத கண்ணு."

இஸ்மத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். "இத்தன வருசத்துல ஆருகிட்டயாச்சும் சொன்னனாங்க?"