சவுண்டு போச்சா?

போனில் ராக் கச்சேரிப் படம் ஓடியது. கைதட்டல் ஓய்ந்ததும் சத்தம் போய்விட்டதோ என்று பதறிப் பொத்தானை அழுத்தினேன். அப்பாவின் பதற்றம் இது.

மாமல்லபுரத்தில் அவர் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திய வருஷம், வெள்ளைக்காரர் ஒருவர் விட்டுப்போன பிரெஞ்சுப் படத்தை வீட்டில் போட்டார். ஜன்னலோரம் ஒருத்தி பேசாமலே உட்கார்ந்திருந்தாள். அப்பா டிவியைத் தட்டினார்.

"இன்னாடி, சவுண்டு போச்சா?"

"அவ பேசல, அவ்ளோதான். நானும்தான் இந்த வூட்ல பேசாம கீறேன். என்னிக்காவது இன்னான்னு கேட்டியா?" என்றாள் அம்மா.

அவள் எங்காவது போய்விடுவாளோ என்று வாசல் கதவையே பார்த்தேன். அப்பா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, படம் முடியும்வரை பார்த்தார்.

இன்றும் எனக்குப் பேசாத படங்கள்தான் பிடிக்கும். கச்சேரிப் படத்தில்கூட, பாட்டுகளுக்கு நடுவே பாடகி தண்ணீர் குடிக்கும் இடம்தான் பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் ஆளில்லை.