மூன்றாவது வார்மரின் மருந்துக் கணக்கு

கருங்கல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நான் பெருமையடித்துக்கொண்ட வேலை வேறு. பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டுக் கொடுத்திருந்தேன். குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. எடையை அடித்தால் போதும், எந்த மருந்து எத்தனை மில்லி என்று பக்கத்துக் கட்டங்களில் தானாக வந்துவிடும். டாக்டர் சரிபார்த்துவிட்டு நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஒருநாள் லீவு முடிந்து மறுநாள் காலையில் நான் வேலைக்கு வந்ததும் வராததுமாக வார்டு சிஸ்டர் கூப்பிட்டனுப்பினார். அருமனைக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர், கல்ஃபில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர். முந்தின நாள் மூன்றாவது வார்மரிலிருந்த மூன்று கிலோ குழந்தை வீட்டுக்குப் போயிருக்கிறது. அதே இடத்துக்கு ஒன்றரைக் கிலோவில் ஒரு குறைமாதப் பெண் குழந்தை வந்திருக்கிறது. எடையை மாற்றி அடித்திருக்கிறார்கள். எடை மாறியது, மருந்தின் அளவு அசையவே இல்லை. ஸ்க்ரீனில் அந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

“சாரே, இது வீட்டுக்குப் போன பிள்ளைக்குள்ள மருந்து.”

சரியாக இரண்டு மடங்கு. சிரிஞ்சை எடுக்கும் முன்பே அவருக்கு உறுத்தியிருக்கிறது. காகிதத்தில் கணக்குப் போட்டு, டாக்டரிடமும் கேட்டு, சரியான அளவைக் கொடுத்திருக்கிறார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கோ கோபம் வந்தது. அடித்துவிட்டு எண்டர் தட்டியிருக்க மாட்டீர்கள் என்றேன். என் அறைக்குப் போய் அதே ஷீட்டைத் திறந்து பத்துத் தடவை எடையை மாற்றிப் பார்த்தேன். பத்துத் தடவையும் மருந்து ஒழுங்காக மாறியது. பெரிய வக்கீல் மாதிரி வார்டுக்குத் திரும்பி வந்து அதைச் சொன்னேன். அவர் சண்டைக்கு வரவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அன்றே எல்லா சிஸ்டர்களையும் அழைத்து, இனிமேல் மருந்தைக் கையால் கணக்குப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கூடவே இன்னொன்றும் செய்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தினமும் ஒரு வரி எழுதினார். இன்றைக்கு ஷீட் மாறியதா இல்லையா, காலையில் கம்ப்யூட்டரில் முதலில் திறந்த ஃபைல் எது, ஸ்க்ரீனின் அடியில் ‘கால்குலேட்’ என்ற குட்டி எழுத்து நின்றதா.

பத்து நாள் கழித்து அந்தத் தாளை என் மேஜையில் வைத்தார். எந்தெந்த நாளில் பஞ்சும் ஊசியும் கேட்டு எழுதுகிற ஸ்டோர் லிஸ்டை முதலில் திறந்தார்களோ, அந்தந்த நாளில் மருந்து ஷீட் உறைந்து, கணக்கு இன்னும் பாக்கி என்று அடியில் ‘கால்குலேட்’ நின்றது. மருந்து ஷீட்டை முதலில் திறந்த நாட்களில் ஒரு கோளாறும் இல்லை. ஒரு வரிகூடப் பிசகவில்லை.

ஆயிரக்கணக்கான வரிகளோடு ஸ்டோர் லிஸ்ட் நகராமல் படுத்துகிறது என்று, நாம் சொல்லும்போது மட்டும் கணக்குப் போட்டால் போதும் என அதில் மாற்றிவைத்தவனே நான்தான். முதலில் திறக்கிற ஃபைலுக்கு என்ன விதியோ, பின்னால் திறக்கிற எல்லா ஃபைலுக்கும் அதுதான் விதி. என் அறையில் ஸ்டோர் லிஸ்ட் திறப்பதே இல்லை. அதனால்தான் அங்கே எல்லாம் ஒழுங்காக நடந்தது. இதைப் படித்துப் பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. பத்து வரி எழுதி அவர் கண்டுபிடித்துவிட்டார். இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமான வேலையை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அவரிடமே அதைச் சொன்னேன். கேட்டுச் சிரித்துவிட்டு ஊசி போடப் போய்விட்டார்.

ஸ்டோர் லிஸ்டை வார்டு கம்ப்யூட்டரிலிருந்தே எடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது என்று டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் குழந்தை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி வீட்டுக்குக் கிளம்பிய அன்று நானும் வாசலில் நின்றேன். அம்மா அதைத் துணியில் பொதிந்து ஆட்டோவில் ஏறினாள். கை நிறைய வேலை இருந்த அந்த நேரத்தில் ஸ்க்ரீனை நம்பாமல் எப்படித் தோன்றியது என்று சிஸ்டரிடம் கேட்டேன். முதலில் பிள்ளையைப் பார்ப்பேன், மனசில் ஒரு அளவு வரும், பிறகுதான் ஸ்க்ரீனைப் பார்ப்பேன் என்றார். அன்றைக்கு வேறு யாராவது இருந்திருந்தால் என்று இழுத்தேன். அவர் ஆட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு மண்டைக்காட்டுக் கொடைக்கு லீவு கேட்டிருந்தேன் சாரே. தரல்ல.”

எனக்கு அந்த லீவைத் தந்திருந்தார்கள். குடும்பத்தோடு அம்மன் கோவிலுக்குப் போய்க் கொடைத் திருவிழா பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு பலூன் வாங்கிக் கொடுத்து, கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன்.